கடைவீதியின் குறுக்கே ஒரு சுவர்
பெர்லின் நகரம் 28 ஆண்டுகள் பிரிந்து கிடந்த கதை



பெர்லின் சுவரைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. 1989 நவம்பரில் அந்தச் சுவரின் மேல் ஏறி நின்று இளைஞர்கள் கொண்டாடிய படத்தைப் பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்போம். அரசியல் தெரிந்தவர்கள் அதைச் சுதந்திரத்தின் கதையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் தராசு பிடித்துப் பழகிய நமக்கு அதில் இன்னொரு கதையும் தெரிகிறது. அந்தச் சுவர் எழுந்ததிலும் விழுந்ததிலும் விலை, நாணயம், சரக்கு, வாடிக்கையாளர் ஆகிய நான்குக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரே ஊரில் இரண்டு விதப் பணமும் இரண்டு விதச் சந்தையும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நகரம் உலகத்துக்கே காட்டிவிட்டது.

நான்கு பங்கான ஊர்

1945 மே மாதம் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. தோற்றுப் போன ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. தலைநகரான பெர்லின், ரஷ்யாவின் பங்குக்குள் வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தது. ஆனாலும் அந்த ஊரையும் தனியாக நான்கு பங்காக்கினார்கள். மேற்குப் பகுதி மற்ற மூவருக்கு, கிழக்குப் பகுதி ரஷ்யாவுக்கு.

ஆரம்பத்தில் சுவர் ஏதும் இல்லை. காலையில் கிழக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கே வேலைக்குப் போகலாம். ரயிலும் டிராமும் இரண்டு பக்கமும் ஓடின. பழைய பணத்துக்கு மரியாதை போய், சிகரெட்டே நாணயமாகப் புழங்கிய காலம் அது. பொட்ஸ்டாமர் சதுக்கம் என்ற இடத்தில் மூன்று ராணுவங்களின் எல்லைகள் சந்தித்தன. கள்ளச் சந்தைக்கு அதைவிட வசதியான இடம் ஏது? ஒரு பக்கத்துப் போலீஸ் வந்தால், நாலு எட்டு எடுத்து வைத்து அடுத்த எல்லைக்குள் நின்றுகொள்வார்கள்!

ஒரே இரவில் நிரம்பிய கடைகள்

1948 ஜூன் 20. மேற்கு ஜெர்மனிப் பகுதிகளில் புதிய மார்க் நாணயம் வந்தது. முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் கடைக் கண்ணாடிகளில் பாத்திரம், துணி, செருப்பு, தின்பண்டம் என்று சரக்கு நிறைந்திருந்தது. ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்தும் வந்திறங்கவில்லை. அதுவரை குடோன்களில் இருந்ததுதான். மதிப்பில்லாத காகிதத்தை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்க யாருக்கும் மனமில்லை.

மகிழ்ச்சியோடு கோபமும் வந்தது. விலை ஏறியது. அந்த ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி விலைவாசியைக் கண்டித்து லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலைக் காப்பாற்றியதாக வணிகன் நினைத்தான். பதுக்கினான் என்று ஊர் நினைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் தூரம் எவ்வளவு குறைவு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேற்கே புதிய மார்க் வந்ததும் ரஷ்யா சும்மா இருக்கவில்லை. கிழக்கே தனி மார்க்கை வெளியிட்டது. 1948 ஜூன் 24-இல் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஊருக்கு ஒரு மூட்டை மாவு கூடப் போக வழியில்லை.

ஆகாயத்தில் வந்த மளிகை

அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்தில் சரக்கு அனுப்பத் தொடங்கின. மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே காயவைத்த கிழங்கை அனுப்பினார்கள். முட்டைக்குப் பதில் முட்டைத் தூள், பாலுக்குப் பதில் பால் தூள். இறைச்சியில் எலும்பை நீக்கினார்கள். ரொட்டியாக அனுப்பாமல் மாவாக அனுப்பினார்கள்.

உப்பு விஷயம் இன்னும் சுவையானது. உப்பு சிந்தினால் சாதாரண விமானத்தின் உலோகம் அரித்துவிடும். கடலில் இறங்கும் விமானங்களுக்கு உப்புத் தண்ணீர் அரிக்காத பூச்சு உண்டல்லவா? ஆகவே பிரிட்டிஷ்காரர்கள் அப்படிப்பட்ட விமானங்களில் உப்பை ஏற்றி, பெர்லினின் ஹாவல் நதி நீர்ப்பரப்பிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள்!

மொத்தம் சுமார் 23 லட்சம் டன். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. விமானங்கள் பறந்த தடவைகள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். இருந்த விமான நிலையங்கள் போதாமல் டெகல் என்ற இடத்தில் மூன்றே மாதத்தில் புதிதாக ஓடுதளம் போட்டார்கள். அதில் மண் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். 1949 மே 12-இல் ரஷ்யா பாதையைத் திறந்துவிட்டது.

இரண்டு மார்க், ஒரு தெரு

அதே 1949-இல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு நாடுகள் உருவாயின. பெர்லினுக்குள் மட்டும் போக்குவரத்து தொடர்ந்தது. மேற்குப் பக்கத்துப் பணமாற்றுக் கடைகளில் ஒரு மேற்கு மார்க்குக்கு நாலு, ஐந்து கிழக்கு மார்க் கிடைத்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மேற்கே இருப்பவர் பணத்தை மாற்றிக்கொண்டு கிழக்கே போனால் ரொட்டியும் இறைச்சியும் அடிமாட்டு விலை. முடி திருத்திக்கொள்ளக் கூடக் கிழக்கே போனார்கள். மானிய விலைச் சரக்கெல்லாம் எல்லை தாண்டுகிறதே என்று கிழக்கு அரசு கவலைப்பட்டு, கடைகளில் அடையாள அட்டை காட்டினால்தான் சரக்கு என்று உத்தரவு போட்டது.

எதிர்ப்பக்கம் கிழக்கு மக்கள் நல்ல செருப்பு, காப்பி, சாக்லெட், ஆரஞ்சு வாங்க மேற்கே வந்தார்கள். எல்லையை ஒட்டிய புருன்னன் தெருவில் வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. கிழக்கிலிருந்து வரும் ஜனங்களை நம்பியே எல்லையோரச் சினிமாக் கொட்டகைகள் ஓடின. சுமார் 50 ஆயிரம் பேர் கிழக்கே குடியிருந்து மேற்கே வேலை பார்த்தார்கள். மலிவு விலைக் கிழக்கில் சாப்பாடு, வலுவான மேற்கு மார்க்கில் சம்பளம்!

விலை வித்தியாசம் இருக்கும் எல்லையில் இப்படித்தான் நடக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லைச் சாவடிகளில் நம் லாரிகள் வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. ஒரு மூட்டைக்கு நாலு காசு வித்தியாசம் இருந்தால் போதும், சரக்கு ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும்.

சரக்கு போனது மட்டும் என்றால் கிழக்கு அரசு பொறுத்திருக்கும். ஆட்களே போனார்கள். 1949 முதல் 1961 வரை 25 லட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் வைத்தியர், பொறியாளர், கைத்தொழில் தெரிந்தவர், வாலிபர் அதிகம். 1961 ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 30 ஆயிரம் பேர். வாடிக்கையாளர் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? விலையையும் தரத்தையும் பார்ப்போம். கிழக்கு அரசோ, வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போதே கடைக்கதவை இழுத்துப் பூட்டியது.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 15 அன்று, கிழக்கு ஜெர்மனித் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் பத்திரிகையாளர்களிடம், சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை என்றார். ஆகஸ்ட் 13 விடியும் முன் முள்கம்பி வேலி போட்டாகிவிட்டது! விடுமுறை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டன, தெருக்கள் பெயர்க்கப்பட்டன. சில நாட்களில் கம்பி வேலி இருந்த இடத்தில் கல் சுவர் எழும்பத் தொடங்கியது.

நகருக்குள் கிழக்கையும் மேற்கையும் பிரித்த எல்லை 43 கிலோமீட்டர். மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்த மொத்த நீளம் 155 கிலோமீட்டர். பெர்னாவர் தெருவில் வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை. வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. வாசலையும் ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். மேல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தவர்கள் உண்டு. அப்படிக் குதித்து உயிர் விட்டவர்களும் உண்டு. 1962 ஆகஸ்ட் 17-இல் சுவர் ஏறிய 18 வயது வாலிபர் ஒருவர் சுடப்பட்டு, சுவரடியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உதவி கேட்டுக் கிடந்து இறந்தார். இரண்டு பக்கமும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரால் உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

தப்பிக்கும் வழியையும் ஜனங்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். 1964-இல் மேற்கே பெர்னாவர் தெருவில் மூடிக்கிடந்த ஒரு ரொட்டிக் கடையிலிருந்து மாணவர்கள் பூமிக்கடியில் 145 மீட்டர் நீளச் சுரங்கம் தோண்டினார்கள். அக்டோபர் மாதம் இரண்டு இரவுகளில் 57 பேர் அதன் வழியே தவழ்ந்து வந்து சேர்ந்தார்கள்.

சுவருக்கு இருபுறமும்

சுவர் எழுந்தபின் மேற்கே எல்லையோரக் கடைக்காரர்கள் கதி என்ன? சனிக்கிழமை மாலை கூட்டம் நிறைந்திருந்த புருன்னன் தெரு, திங்கட்கிழமை முட்டுச்சந்து. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுவருக்கு அந்தப் பக்கம். சினிமாக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைக்காரன் ஒரு தப்பும் செய்யவில்லை. சரக்கும் அதே சரக்கு, விலையும் அதே விலை.

மறுபடி முற்றுகை வந்துவிட்டால் என்ன செய்வது என்று மேற்கு பெர்லின் நிர்வாகம் ஒரு பெரிய இருப்பு வைத்திருந்தது. ஊர் முழுவதற்கும் ஆறு மாதத்துக்குத் தேவையான தானியம், சர்க்கரை, டின் இறைச்சி, மருந்து, நிலக்கரி எல்லாம் சேர்த்துச் சுமார் 40 லட்சம் டன். சரக்கு கெடக்கூடாதே! பழையதை விற்றுப் புதியதை வாங்கி, சுற்றில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். நாம் குடோனில் செய்கிற அதே வேலை, ஓர் ஊரின் அளவில்.

கிழக்கே பெரும்பாலான கடைகள் அரசுக் கடைகள் அல்லது கூட்டுறவுக் கடைகள். மிஞ்சிய தனியார் கடைக்காரர்களில் பலர் அரசுச் சரக்கைக் கமிஷனுக்கு விற்கும் ஏஜெண்டுகளாக மாறினார்கள். வாடகை மலிவு, ரொட்டி மலிவு. ஒரு சிறு ரொட்டி கடைசிவரை 5 பெனிக், அதாவது மார்க்கில் இருபதில் ஒரு பங்கு. தீவனத்தைவிட ரொட்டி மலிவாக இருந்ததால் பன்றிக்கும் முயலுக்கும் ரொட்டி போட்டார்கள்! ஆனால் நல்ல துணி, பழம், காப்பி, கார் என்று வந்தால் காத்திருப்புதான். காருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். நல்ல சரக்கு வந்தால் கடைச் சிப்பந்தி அதை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் குனிந்து எடுத்துக் கொடுப்பார். ‘குனிந்து எடுக்கும் சரக்கு’ என்று அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயரே இருந்தது.

காப்பி விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1975-இல் பிரேசிலில் பனியால் காப்பித் தோட்டங்கள் கருகின. உலகச் சந்தையில் விலை பறந்தது. வெளிநாட்டுப் பணம் இல்லாத கிழக்கு அரசு 1977-இல் ஒரு கலவைக் காப்பியை இறக்கியது. 51 சதவீதம் காப்பி. மீதி பட்டாணி, தானியம், சிக்கரி வகையறா. நமக்குச் சிக்கரி புதிதல்ல. அளவோடு கலந்தால் அதற்கென்று ஒரு ருசியும் உண்டு. இதையோ ஜனங்கள் வாயில் வைக்கவில்லை. புகார் மேல் புகார் வந்து அரசு அதைத் திரும்பப் பெற்றது. பிறகு வியட்நாமோடு ஒப்பந்தம் செய்து அங்கே காப்பித் தோட்டம் வளர்க்க உதவினார்கள். அந்தத் தோட்டங்கள் நல்ல விளைச்சல் கொடுத்த நேரத்தில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை!

இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சரக்கை மேற்கு மார்க் போன்ற வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமே விற்கும் ‘இன்டர்ஷாப்’ கடைகளை அரசே நடத்தியது. 1974 முதல் உள்ளூர் ஜனங்களும் மேற்கு மார்க் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். மேற்கே உறவினர் இருந்தவர் கையில் பணம். இல்லாதவர் கண்ணாடி வழியே பார்க்கலாம். தன் நாணயத்தைத் தன் கடையிலேயே வாங்க மறுக்கும் அரசை மக்கள் எத்தனை நாள் நம்புவார்கள்? சுவருக்கு மேலே மேற்குத் தொலைக்காட்சி அலை தாராளமாக வந்தது. அதில் தினமும் விளம்பரம். ஆளைத் தடுத்த சுவரால், விலையையும் தரத்தையும் ஒப்பிடும் மனத்தைத் தடுக்க முடியவில்லை.

சுவர் திறந்த இரவு

1989 மே மாதம் ஹங்கேரி தன் எல்லை வேலியைப் பிரிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியர்கள் அந்த வழியே ஆயிரக்கணக்கில் மேற்கே போனார்கள். அக்டோபர் 9-இல் லைப்சிக் நகரில் சுமார் 70 ஆயிரம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. நவம்பர் 9 மாலை, கட்சிப் பேச்சாளர் குன்தர் ஷபோவ்ஸ்கி புதிய பயண விதிகளைப் பத்திரிகையாளர்களுக்கு வாசித்தார். எப்போது முதல் என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். ஜனங்கள் சாவடிகளுக்குத் திரண்டார்கள். காவலர்களுக்கு எந்த உத்தரவும் வரவில்லை. இரவு பதினொன்றரை மணி அளவில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் கூட்டத்தைத் தாங்க முடியாமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.

மேற்கே வந்த ஒவ்வொருவருக்கும் 100 மார்க் வரவேற்புப் பணமாகக் கிடைத்தது. வங்கிகள் முன் நீண்ட வரிசை. வாழைப்பழம், காப்பி, சாக்லெட் எல்லாம் கடைகளில் தீர்ந்தன. சுவரைச் சுத்தியலால் கொத்தி, அந்தத் துண்டுகளையும் சிலர் கூவி விற்றார்கள். சுவரே சில்லறைச் சரக்காகிவிட்டது!

அடுத்த ஆண்டு ஜூலை 1

1990 ஜூலை 1-இல் கிழக்கு மார்க் மறைந்து மேற்கு மார்க் வந்தது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் வயதுக்குத் தக்கபடி 2,000 முதல் 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று. மீதி இரண்டுக்கு ஒன்று. ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். தொழிலுக்கோ பேரிடி. நேற்றுவரை நாலு மார்க்கைக் கொடுத்து ஒன்று வாங்கிய நாட்டின் தொழிற்சாலை, இன்று அதே சம்பளத்தை வலுவான மார்க்கில் கொடுக்கவேண்டும். அதன் சரக்கை யார் வாங்குவார்?

கிழக்குக் கடைகளின் அலமாரிகள் ஒரே இரவில் மேற்குச் சரக்கால் நிரம்பின. 1948-இல் நடந்த அதே காட்சி. ஆனால் இம்முறை உள்ளூர்ச் சரக்கு வெளியே போனது. உள்ளூர்ப் பாலும் முட்டையும் கூட விலை போகாமல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அரசுக் கடைகளில் நல்ல இடங்கள் மேற்கின் பெரிய தொடர்கடை நிறுவனங்களின் கைக்குப் போயின. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அக்டோபர் 3-இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. மேற்கு பெர்லினின் அந்த ஆறு மாத இருப்புக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அதில் ஒரு பகுதியை, முன்பு முற்றுகை போட்ட அதே சோவியத் நாட்டுக்கு உதவியாக அனுப்பினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, தூக்கி எறிந்த உள்ளூர்ச் சரக்கை ஜனங்களே தேடினார்கள். கிழக்கின் ஸ்ப்ரேவால்ட் பகுதி வெள்ளரி ஊறுகாய்க்கு 1999-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. ருசியும் தரமும் இருந்த சரக்கு பிழைத்தது. வேறு வழியில்லாமல் விற்றுக்கொண்டிருந்த சரக்கு போயே போய்விட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. பெரிய நிறுவனங்களைத் தடுக்கவேண்டும், ஆன்லைன் வியாபாரத்தை நிறுத்தவேண்டும், அப்போதுதான் மளிகைக்கடை பிழைக்கும் என்கிறோம். அந்த வேதனை நியாயமானது. ஆனால் பெர்லினின் கணக்கைப் பார்த்தபின் எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

துப்பாக்கியும் காவல் கோபுரமும் வைத்த சுவராலேயே வாடிக்கையாளரின் மனத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. அதற்குள் இருந்த கடைகளுக்கு 28 ஆண்டுகள் போட்டியே இல்லை. அந்தக் காலத்தில் அவை தரத்தைக் கூட்டவில்லை. குனிந்து சரக்கு எடுத்துக் கொடுக்கத்தான் பழகின. ஆகவே சுவரை நம்பி வியாபாரம் செய்யவேண்டாம்.

அதேசமயம் 1990 ஜூலை 1-ஐயும் மறக்கவேண்டாம். பழகிக்கொள்ள அவகாசமும் முதலும் கொடுக்காமல் ஒரே நாளில் கதவைத் திறந்தால் சிறியவன் நசுங்கத்தான் செய்வான். நாம் அரசிடம் கேட்கவேண்டியது சுவர் அல்ல. பெரியவனுக்கும் சிறியவனுக்கும் ஒரே தராசு, ஒரே வரி விதி, அடக்க விலைக்குக் கீழே விற்று அடுத்தவனை ஒழிக்கும் தந்திரத்துக்குத் தடை, மாறிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம், நியாய வட்டியில் கடன். இவற்றை உரத்துக் கேட்போம். சரியான எடையும் சுத்தமான சரக்கும் கொடுப்பது நம் பொறுப்பு. அதை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

சுவர் 28 ஆண்டுகள் நின்றது. அது விழுந்து அதைவிட அதிக ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று பெர்லினில் சுவர் ஓடிய இடத்தைப் பல தெருக்களில் இரண்டு வரிசைக் கற்களாகத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி, தங்களுக்குப் பிடித்த கடைக்குப் போகிறார்கள்.